சின்னத் தொழிலில் தேவையில்லாத சாஃப்ட்வேரைக் குறைப்பது எப்படி

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் லேத் பட்டறை, கிருஷ்ணகிரி மாங்கூழ் யூனிட், பர்கூர் ஜவுளிக்கடை, பாலக்கோடு தக்காளி மண்டி என்று எங்கே போனாலும் இப்போது இதைப் பார்க்க முடிகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஏழெட்டு சாஃப்ட்வேர் ஓடும். பில் போட ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, ஆள் வருகைக்கு ஒன்று, ஆர்டரைக் கவனிக்க ஒன்று, இதுபோக கூகுள் ஷீட், எக்செல், நாலைந்து வாட்ஸ்ஆப் குரூப். யாரும் திட்டம் போட்டு இவ்வளவையும் வாங்கவில்லை. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்டது என்று ஒன்று வந்திருக்கும், மகன் காலேஜில் பார்த்தான் என்று ஒன்று, கண்காட்சியில் ஸ்டால் போட்டவர் முதல் வருடம் பாதி விலை என்றதால் இன்னொன்று. புதிது வரும்போது பழையது கிளம்புவதில்லை.

இதைக் குறைக்க உட்காரும் பலர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். எது விலை அதிகமோ அதை நிறுத்திவிட்டு, மலிவானதையும் இலவசமானதையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் குழப்பம் பழையபடி வந்துவிடும். ஏனென்றால் சந்தாப் பணத்தைவிடப் பெரிய செலவு, ஒரே விவரத்தை நாலு இடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆளின் நேரம். அதைவிடப் பெரியது, நாலு இடமும் நாலு கணக்குக் காட்டும்போது எது சரி என்று தேடுவது. அதனால் எதை நிறுத்தலாம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் தொழிலில் எந்த விவரம் எங்கே முதலில் பதிவாக வேண்டும் என்பதை முடிவு செய்தால், நிறுத்த வேண்டியது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் வேலை, பணம் எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை மூன்று மாதத்துக்கு எடுத்தால் போதாது, வருடச் சந்தாக்கள் அதில் சிக்காது. பதின்மூன்று மாதத்துக்கு எடுங்கள். கரண்ட் அக்கவுண்ட் மட்டும் பார்த்தாலும் பாதிதான் கிடைக்கும், முதலாளியின் சொந்த கிரெடிட் கார்டிலும் பிள்ளைகளின் யூபிஐயிலும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யூபிஐ ஆப்புக்குள் ஆட்டோபே என்று தனியாக இருக்கிறது, அதில் எதற்கெல்லாம் நிரந்தர அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும், அங்கேயே ரத்தும் செய்யலாம். ஆட்டோமேட்டிக்காகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் போனில் பழைய எஸ்எம்எஸ்களையும் மெயிலையும் தேடினாலே பல சந்தாக்கள் வெளியே வந்துவிடும். 15,000 ரூபாய் வரை பொதுவாக ஓடிபி கேட்காமலே போய்விடும் என்பதால்தான் இவை கண்ணில் படாமல் ஓடுகின்றன. ப்ளே ஸ்டோரில் ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு சப்ஸ்க்ரிப்ஷன்ஸ் பகுதியையும் பாருங்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. நிறையப் பேர் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைக்காரர்கள் கவுன்டரையும் பார்க்க வேண்டும். ஒரே மேஜையில் இரண்டு மூன்று க்யூஆர் அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுண்ட்பாக்ஸ். அதற்கு மாத வாடகை உண்டு. சில சமயம் அதை நமக்கு வர வேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்வதால் ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாகத் தெரியாது. எந்த யூபிஐ ஆப்பிலிருந்தும் எந்த யூபிஐ க்யூஆருக்கும் பணம் அனுப்பலாம், ஆகவே வாடிக்கையாளருக்காக மூன்று வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று போதும், அது சிக்னல் இல்லாமல் திணறினால் மாற்றாக வாடகை இல்லாத வெறும் அட்டை ஒன்று.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னொரு ஆப்பில் வேண்டாம், நோட்டே போதும். பெயர், வருடத்துக்கு எவ்வளவு, அடுத்த ரினியூவல் எந்தத் தேதி, யார் தினமும் திறக்கிறார்கள், அதிலிருந்து என்ன வெளியே வருகிறது, லாகின் எந்த மெயில், எந்த போன் நம்பர். கடைசியாகச் சொன்னதுதான் பல இடங்களில் வில்லங்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போன ஆளின் நம்பருக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே கூப்பிட்டு, "தம்பி, ஒரு ஓடிபி வரும், சொல்லுப்பா" என்று கேட்டு நம்பரை மாற்றிவிடுங்கள்.

வருடச் செலவை எழுதும்போது தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் சாஃப்ட்வேர்களை முழுதாகப் பெருக்கிப் போடுங்கள். மாதம் 300 ரூபாய் என்றால் சின்னதாகத் தெரியும். ஐந்து பேருக்கு 1,500, வருடத்துக்கு 18,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,240 சேர்ந்தால் 21,240. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் அந்த 3,240-ஐ இன்புட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்திருந்தால் வரியை அவர்கள் போட மாட்டார்கள், ரிவர்ஸ் சார்ஜில் நீங்கள்தான் கட்ட வேண்டும். இது ஆடிட்டருக்கே தெரியாமல் கார்டு ஸ்டேட்மென்ட்டில் கிடக்கும், எனவே அந்தப் பில்களை எடுத்து அவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, நோட்டு தயார். இப்போதும் எதையும் நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அது வாசலில் நுழைவதிலிருந்து பணம் வருவது வரை கூடவே நடந்து பாருங்கள்.

ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி அனுப்பும் பொருளில் வேலை மட்டும் செய்து திருப்பிக் கொடுக்கும் ஒரு லேத் பட்டறையில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கம்பெனியிலிருந்து 500 பீஸ் டெலிவரி சலானோடு (பொருளோடு வரும் சீட்டு) வருகிறது. வாசலில் இருப்பவர் இன்வர்டு நோட்டில் எழுதுகிறார். சூப்பர்வைசர் சலானை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறார். ஆபீசில் இருக்கும் பெண் அதைப் பார்த்து கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறார், அப்புறம் புதிதாக வாங்கிய ப்ரொடக்ஷன் ஆப்பிலும் ஏற்றுகிறார். வேலை முடிந்து 488 பீஸ் திரும்பிப் போகும்போது டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பில். கம்பெனி தனக்கு வேலை செய்து தருபவர்களுக்காக வைத்திருக்கும் வெண்டர் போர்ட்டலிலும் அதே விவரம். மீதி 12 பீஸ் ரிஜக்ஷன், அது இரண்டு நாள் கழித்துத் தனிச் சலானில் போகிறது. அந்தச் சலான் நோட்டில் ஏறியது, போட்டோவும் குரூப்பில் வந்தது, ஆனால் அன்றைக்குக் குரூப்பில் நிறைய போட்டோ வந்ததில் ஆப்பில் மட்டும் ஏறியது, ஷீட்டிலும் போர்ட்டலிலும் விட்டுப்போனது. ஆக ஷீட்டில் 12 பாக்கி, ஆப்பில் பாக்கி இல்லை, போர்ட்டலில் 12 பாக்கி. மாதக் கடைசியில் அந்தப் பெண் கம்பெனி ஸ்டோர்ஸுக்கு போன் போட்டு, பழைய போட்டோக்களை மேலே தள்ளித் தள்ளித் தேடி ஒரு முழு மதியம் போனது. இத்தனைக்கும் விஷயம் 12 பீஸ்தான்.

பாக்கிக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. வராவிட்டால் அனுப்பிய அன்றே அதை விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வரி கம்பெனிக்குத்தான், ஆனால் அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது அந்தக் கசப்பு நம்மிடம்தான் வந்து நிற்கும். ஆகவே அந்தப் பட்டறையில் சலான் பாக்கிதான் முதன்மையான விவரம். அதற்கு ஒரே ஒரு இருப்பிடம் வேண்டும்.

அது எது என்று தேடினால் பதில் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியதிலேயே இருந்தது. டாலி பிரைமில் எஃப்11 அழுத்தினால் வரும் பட்டியலில் ஜாப் ஆர்டர் ப்ராசஸிங் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஜாப் ஒர்க் இன் ஆர்டர், மெட்டீரியல் இன், மெட்டீரியல் அவுட் வவுச்சர்கள் கிடைக்கும், யாருடைய பொருள் நம்மிடம் எவ்வளவு பாக்கி என்று ரிப்போர்ட்டும் வரும். இத்தனை வருடமாக அது ஆஃப் நிலையில் இருந்திருக்கிறது. சலானை டாலியில் ஏற்றுவது என்று முடிவானதும் கூகுள் ஷீட் தேவையில்லை, ப்ரொடக்ஷன் ஆப்பும் தேவையில்லை. வெண்டர் போர்ட்டலை நாம் நிறுத்த முடியாது, அது வாடிக்கையாளரின் சொத்து. வாசல் நோட்டும் இருக்கட்டும், கரண்ட் போனாலும் அது எழுதும்.

புதிதாக ஒன்றைத் தேடுவதற்கு முன்பு, கையில் இருப்பதன் செட்டிங்ஸை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஜவுளிக்கடைக்காரர் டிசைன் அனுப்பவும், ஆர்டர் கொடுத்தவர் யார், பணம் பாக்கி யார் என்று பிரிக்கவும் தனி ஆப் வாங்கத் தேவையில்லை. வாட்ஸ்ஆப் பிசினஸ் ஆப்பில் கேட்டலாக், லேபிள், க்விக் ரிப்ளை எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன, ஒரே நம்பரை இன்னும் நாலு கருவியில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் வாட்ஸ்ஆப்பைப் பதிவேடாக்கிவிடாதீர்கள். ஆர்டர் அதன் வழியாக உள்ளே வரலாம், அன்று மாலைக்குள் பில்லிங்கில் ஏறிவிட வேண்டும். குரூப்பில் போட்டோவாக மட்டும் இருக்கும் விவரம் அந்த போன் உடையும் நாளில் காணாமல் போகும்.

கணக்கு சாஃப்ட்வேரைக் குறைக்கும்போது மட்டும் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கை யார் எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு தானாக விழும் சாஃப்ட்வேர்தான் பயன்படுத்த வேண்டும். எக்செலுக்குத் திரும்பிப் போகலாம் என்று நினைத்தால் அங்கே முடியாது. சொந்தப் பெயரில் நடத்துபவர்களுக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி இல்லை. டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது) கட்டாயம். இந்த ஆண்டு தாண்டாவிட்டாலும் 2017-18 முதல் எந்த ஆண்டிலாவது தாண்டியிருந்தால் பொருந்தும். மலிவாக இருக்கிறது என்று எடுத்த பில்லிங் ஆப் அதைச் செய்யுமா என்று பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும். சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லுக்கென்று தனியாகப் பணம் கட்டுபவர்கள் கவனிக்கவும், அரசின் இ-வே பில் தளத்தில் அது இலவசம். நாளுக்கு இரண்டு மூன்று லோடு போகிறவருக்கு அதுவே போதும்.

பில்லிங்கை ஆண்டு நடுவில் மாற்றினால் பில் நம்பர் இன்னொரு கண்ணி. ஒரு நிதியாண்டுக்குள் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது. புது சாஃப்ட்வேர் 1-லிருந்து ஆரம்பிக்கும், பழையதிலும் 1 இருக்கும். முன்னால் வேறு எழுத்தைச் சேர்த்துப் புதுத் தொடர் ஆரம்பியுங்கள், மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் ஆட்களிடம் பேசுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. முதலாளிக்கு ஒரு சாஃப்ட்வேர் எதற்கு என்று தெரிந்திருக்கும், அதை வைத்து உண்மையில் என்ன நடக்கிறது என்பது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவுக்குத்தான் தெரியும். "அக்கா, இந்த ஆப்ல நீங்க என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டால், "நான் ஒண்ணும் பார்க்கறதில்ல சார், நீங்க கேட்பீங்கன்னு சாயந்திரம் ஏத்தி வைக்கிறேன்" என்று பதில் வரும். முதலாளியும் அதைத் திறப்பதில்லை, அவர் பார்ப்பது வாட்ஸ்ஆப்பில் வரும் ஸ்க்ரீன்ஷாட்டை. இப்படி யாருமே படிக்காத ரிப்போர்ட்டுக்காக ஓடும் ஆப்தான் முதலில் போக வேண்டியது. கேட்கும்போது குற்றம் கண்டுபிடிக்கும் தொனி இருக்கக் கூடாது. ஆப் போனால் நம் வேலையும் போகுமோ என்று பயந்துவிட்டால் எல்லோரும் எல்லாமே தேவை என்றுதான் சொல்வார்கள். வேலை குறையுமே தவிர ஆளைக் குறைக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஓசூர், தளி பக்கம் ஆட்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. ஆங்கிலத்தில் இருக்கும் ஆப்பைத் திறக்கத் தயங்கி வாய்ஸ் மெசேஜில் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் ஆப்பைத் திணித்துப் பயனில்லை, அவருக்கு எது கைவருகிறதோ அதையே நுழைவாசலாக வைத்துக்கொள்வது நல்லது.

நிறுத்த வேண்டியது எது என்று தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம், டேட்டாவை வெளியே எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், பொருள் பட்டியல், ஒவ்வொரு பில்லும், யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, இணைத்து வைத்த படங்கள், ஃபைல்கள். பட்டியல்களை எக்செலில், பில்களை பிடிஎஃப்பிலும் கூட எடுத்து வையுங்கள். டாலியில் ஆல்ட்+இ அழுத்தினால் எக்ஸ்போர்ட், ஆல்ட்+ஒய்யில் பேக்கப். எடுத்த ஃபைலை அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக மாறியிருக்கிறதா, தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கிறதா, மொத்தத் தொகை பழைய ரிப்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் காட்டவே கூடாது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24க்கு அந்தக் கடைசி தேதி 2024 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டுப் பில்கள் 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் அதிகம். கம்பெனிகளுக்குக் கணக்குப் புத்தகங்கள் 8 ஆண்டு. சந்தா நின்ற சில மாதங்களில் உங்கள் டேட்டாவை அழித்துவிடும் சாஃப்ட்வேர்கள் உண்டு, அதை நம்பி விட்டுவைக்காதீர்கள். ஒரு பிரதி ஹார்டு டிஸ்கில், ஒரு பிரதி கூகுள் டிரைவில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி சின்னப் பட்டறையின் பில்களுக்குத் தாராளம், ஜிமெயிலும் போட்டோக்களும் அதே 15-ஐத்தான் பகிர்ந்துகொள்ளும் என்பதால் இதற்கென்று தனி அக்கவுண்ட் வையுங்கள்.

எப்போது செய்வது? மாங்கூழ் யூனிட்டாக இருந்தால் மே முதல் ஜூலை வரை எதையும் தொடாதீர்கள். லாரிகள் எடை மேடையில் வரிசை கட்டி நிற்கும்போது எடைச்சீட்டுப் போடும் ஆளுக்குப் புது ஸ்க்ரீனைக் காட்டுவது பெரிய பாவம். சீசன் முடிந்ததும் ஆகஸ்டில் நோட்டுப் போட ஆரம்பித்து, ஜனவரிக்குள் முடிவெடுத்து, பிப்ரவரி மார்ச்சில் பழகிவிட்டால் ஏப்ரல் 1 அன்று கணக்கு மாற்றம் சுலபமாக விழும், காய் வர ஆரம்பிப்பதற்குள் கை பழகியிருக்கும். ஜவுளிக்கடைக்கு தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஆகாது. பட்டறைகளுக்கு மார்ச் ஆகாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. எந்த மாற்றமானாலும் 21-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்று. முதல் வாரம் பழைய ஆப்பில் புதிதாக ஏற்றுவதை மட்டும் நிறுத்துங்கள், பார்க்க மட்டும் திறந்திருக்கட்டும். ஒரு மாத பில்லிங் முழுக்க முடியும்வரை யாராவது அதைத் தேடுகிறார்களா என்று கவனியுங்கள். எதற்காவது தேடினால், அந்த விவரத்துக்குப் புது இடம் ஒதுக்க மறந்திருக்கிறோம் என்று அர்த்தம். தேடவே இல்லையென்றால் ரினியூவலுக்கு ஒரு வாரம் முன்பு ரத்து செய்யுங்கள். ரத்து செய்த மெயிலைச் சேமியுங்கள், கார்டு அல்லது யூபிஐ அனுமதியையும் தனியாக எடுத்துவிடுங்கள். போனில் சொன்னால் போதும் என்று விற்பனைக்காரர் சொன்னாலும் எழுத்தில் ஒன்று அனுப்பிவிடுவதே நல்லது.

முழுதாக நிறுத்த முடியாத இடத்தில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆபீஸ் மெயிலுக்கு கூகுளில் தலைக்குப் பணம் கட்டுபவர்கள், சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்ற பெயர்களுக்கெல்லாம் தனித்தனி சந்தா எடுத்திருப்பார்கள். அவற்றை ஒரே ஆளின் மெயிலுக்குக் கூடுதல் முகவரியாகச் சேர்த்தால் தனிப் பணம் கிடையாது. வேலையை விட்டுப் போனவரின் மெயிலை நீக்கும்போது அதிலிருப்பதை முதலில் இன்னொருவருக்கு மாற்றுங்கள். தவறி நீக்கிவிட்டாலும் 20 நாளுக்குள் மீட்டுவிடலாம், அதற்குமேல் முடியாது. ஜிஎஸ்டி தளத்திலும் பேங்கிலும் எந்த மெயில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த மெயிலையும் நீக்காதீர்கள். வெப்சைட் நின்றாலும் டொமைன் பெயரை விட்டுவிடாதீர்கள், உங்கள் மெயில் அதன்மேல்தான் ஓடுகிறது, வருடச் செலவும் குறைவு. டாலியில் லைசென்ஸ் ஒருமுறை வாங்கியது என்றால் டிஎஸ்எஸ் என்ற அப்டேட் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் சாஃப்ட்வேர் ஓடும், ஆனால் புது வெர்ஷனும் ஆன்லைன் வசதிகளும் வராது. ஜிஎஸ்டி விதி அடிக்கடி மாறுவதால் பில் அதிகம் போடுபவர்கள் அதை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

குறைத்த பிறகு புதிதாக ஒன்று விற்க வருவார்கள். வரட்டும், சில நல்லவையும் உண்டு. டெமோ காட்டும்போதே நாலு விஷயம் கேளுங்கள். இது வந்தால் எங்களிடம் இருக்கும் எந்த சாஃப்ட்வேரை நிறுத்தலாம்? டாலிக்கு விவரம் தானாகப் போகுமா, ஆள் உட்கார்ந்து ஏற்ற வேண்டுமா? அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் டிரைவர் திறந்தால் என்ன ஆகும்? இரண்டாம் வருடம் விலை என்ன? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, கடைசியாக, எல்லா டேட்டாவையும் எக்செலில் எடுப்பதை அவருடைய லேப்டாப்பிலேயே, உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்த வசதி வரும் என்றால், வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.